நான்காவது பாரில் தொலைந்துபோகாதீர்கள்

போன வாரம் ஒரு மாணவர் தன் கிட்டார் சோலோவைப் பதிவுசெய்து அனுப்பியிருந்தார். ஏ-யில் 12 பார் ப்ளூஸ் (நான்கு நான்கு பீட்டாகப் பன்னிரண்டு பார் சேர்ந்தால் ஒரு சுற்று; ஏ7, டி7, ஈ7 என மூன்றே கார்டுகள்), நிதானமான ஷஃபிள், அதாவது துள்ளல் நடை. முதல் மூன்று பாரும் அருமை. பென்டடோனிக் என்ற ஐந்து சுர ஸ்கேலில் சின்னச் சின்ன வாக்கியங்கள், நடுநடுவே மூச்சுவிட இடம், பதறாத வைப்ராட்டோ. நான்காவது பார் வந்தது. திடீரென்று விரல்கள் ஒரே வடிவத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று ஃப்ரெட் மேலே போயின, அங்கிருந்து இன்னும் மூன்று, அங்கிருந்து இன்னும் மூன்று. ஐந்தாவது பாரில் பின்னணி டி7-க்குப் போய்விட்டது. இவர் இன்னும் ஏறிக்கொண்டிருந்தார். ஆறாவது பாரின் நடுவில் எங்கேயோ கை நின்றது. கூடவே ஒரு வரி எழுதியிருந்தார்: "டிமினிஷ்ட் ஸ்கேல் போட்டிருக்கேன் சார், சரியா வந்திருக்கா?"

இந்த ஒரே மாதத்தில் எனக்கு இப்படி வந்த நான்காவது பதிவு இது. நான்கு பேரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள்; தவறு மட்டும் அச்சு அசலாக ஒன்று. நால்வரும் நன்றாக வாசிப்பவர்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். கையிலிருந்த நல்ல ப்ளூஸை இந்த ஸ்கேலுக்காக அவர்களாகவே கெடுத்துக்கொள்கிறார்கள்.

முதலில் எந்த ஸ்கேல் என்பதைத் தீர்த்துவிடுவோம். ஒரு ஃப்ரெட், இரண்டு ஃப்ரெட், ஒரு ஃப்ரெட், இரண்டு ஃப்ரெட் என்று மாறி மாறிப் போகும் எட்டுச் சுரங்கள். ஏ-யிலிருந்து எண்ணினால் ஏ, பி ஃப்ளாட், சி, சி ஷார்ப், டி ஷார்ப், ஈ, எஃப் ஷார்ப், ஜி (ஃப்ளாட் என்றால் ஒரு ஃப்ரெட் கீழே, ஷார்ப் என்றால் ஒரு ஃப்ரெட் மேலே). இதை ஹாஃப்-ஹோல் என்பார்கள். ஏ7 கார்டு (ஏ, சி ஷார்ப், ஈ, ஜி) மேல் வாசிக்க வேண்டியது இதுதான். இரண்டு ஃப்ரெட்டில் தொடங்கி மாற்றி எண்ணினால் ஹோல்-ஹாஃப் கிடைக்கும்: ஏ, பி, சி, டி, டி ஷார்ப், எஃப், எஃப் ஷார்ப், ஜி ஷார்ப். அதில் சி ஷார்ப்பும் இல்லை, ஜி-யும் இல்லை. ஏ7-ஐ ஏ7 ஆக்கும் இரண்டு சுரங்களே அவைதான். போதாததற்கு, உள்ளே இருக்கும் ஜி ஷார்ப் கார்டின் ஜி-யோடு மோதும். ஏ டிமினிஷ்ட் 7 கார்டுக்கு உரிய ஸ்கேலை ஏ7 மேல் போட்டுவிட்டு, "இது கொஞ்சம் அவுட்சைடாகத்தான் இருக்கும்" என்று சமாதானம் சொல்லாதீர்கள். அது அவுட்சைடு (தெரிந்தே கார்டுக்கு வெளியே போய்த் திரும்புவது) இல்லை, தப்பு. "ஏ டிமினிஷ்ட்" என்று தலைப்புப் போட்ட வரைபடத்தைப் பார்த்து மனப்பாடம் செய்திருந்தால், முதல் இரண்டு சுரங்களுக்கு இடையில் எத்தனை ஃப்ரெட் என்று இப்போதே எண்ணிப் பாருங்கள். ஒன்று என்றால் சரி.

ஹாஃப்-ஹோலை ஏ ப்ளூஸ் ஸ்கேலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ப்ளூஸ் ஸ்கேலில் ஏ, சி, டி, டி ஷார்ப், ஈ, ஜி என ஆறு சுரங்கள். அவற்றில் ஐந்து ஹாஃப்-ஹோலில் அப்படியே இருக்கின்றன. புதிதாக வருபவை பி ஃப்ளாட், சி ஷார்ப், எஃப் ஷார்ப் மூன்றுதான். சி ஷார்ப்பும் எஃப் ஷார்ப்பும் மேஜர் பென்டடோனிக்கில் உங்களுக்கு ஏற்கெனவே பழகியவை. ஆக உண்மையிலேயே அந்நியமான சுரம் பி ஃப்ளாட் ஒன்றே ஒன்று. இவ்வளவு நெருங்கிய உறவை வைத்துக்கொண்டு இதை ஏதோ வேற்றுக்கிரகத்துப் பொருள்போலத் தனி வடிவமாக, தனி வேகத்தில், தனி மூச்சில் வாசிக்க வேண்டிய அவசியமே இல்லை. ப்ளூஸ் ஸ்கேலில் இருந்து காணாமல் போவது டி மட்டும். அந்த டி-யை நினைவில் வைத்திருங்கள், திரும்ப வருகிறேன்.

இப்போது நான் உண்மையில் சண்டை போட வேண்டிய விஷயம். "இது சமச்சீரான ஸ்கேல், மூன்று ஃப்ரெட்டுக்கு ஒருமுறை அப்படியே நகர்த்தலாம், எங்கே நின்றாலும் சரியாக இருக்கும்." இந்த வாக்கியத்தின் முதல் பாதி உண்மை. ஏ, சி, டி ஷார்ப், எஃப் ஷார்ப் நான்கில் எதிலிருந்து ஹாஃப்-ஹோல் போட்டாலும் அதே எட்டுச் சுரங்கள்தான் வரும். அதனால்தான் பன்னிரண்டு கீகளுக்கும் சேர்த்து மொத்தம் மூன்றே டிமினிஷ்ட் ஸ்கேல்கள். பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான் தன் வரம்புக்குட்பட்ட மோடுகளில் (சில தடவை நகர்த்தியதுமே பழைய சுரங்களே திரும்பிவரும் ஸ்கேல்களில்) இதை இரண்டாவதாக வைத்தார். ரஷ்யாவில் இதற்கு இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்ஸகோவின் பெயர் உண்டு. ஊர்பேர் தெரியாத ஒரு மிதப்பு வேண்டும் என்று தேடிய இசையமைப்பாளர்களுக்கு இது பொக்கிஷம்.

இரண்டாம் பாதிதான் பொய். எங்கே நின்றாலும் சரியாக இருக்காது. ஏன் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். மேஜர் ஸ்கேலில் படிகள் ஒரே சீராக இல்லை: இரண்டு, இரண்டு, ஒன்று, இரண்டு, இரண்டு, இரண்டு, ஒன்று. அந்தச் சீரின்மைதான் காதுக்கு வழிகாட்டி. எந்தப் படியில் நிற்கிறோம், வீடு எந்தப் பக்கம் என்று கேட்பவருக்குத் தானாகத் தெரியும். டிமினிஷ்டில் ஒவ்வொரு மூன்று ஃப்ரெட்டும் முந்தைய மூன்று ஃப்ரெட்டின் நகல். நான்கு சுரங்கள் "நான்தான் வீடு" என்று ஒரே உரிமையோடு சொல்கின்றன. அதாவது இந்த ஸ்கேலுக்குச் சொந்த வீடு கிடையாது. வீட்டை வெளியிலிருந்துதான் கொடுக்க வேண்டும். ப்ளூஸில் அதைக் கொடுப்பது அடுத்த கார்டு.

வடிவத்தை மூன்று மூன்று ஃப்ரெட்டாக ஏற்றுகிறவர் என்ன செய்கிறார்? வீடில்லாத ஸ்கேலை, வீட்டுக்கே போகாமல், வீடில்லாத தன்மை இன்னும் கூடும்படி வாசிக்கிறார். முதல் தடவை கேட்கும்போது ஒரு பதற்றம் வரும். இரண்டாவது தடவை அதே பதற்றம். மூன்றாவது தடவை காது அதைக் கைவிட்டுவிடும், ஏனென்றால் கதை எங்கேயும் போகவில்லை. வாசிக்கிறவருக்கு விரல் நகர்வதால் ஏதோ நடப்பதுபோல இருக்கிறது. கேட்கிறவர் விரலைப் பார்ப்பதில்லை. தயவுசெய்து உங்கள் பதிவைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள்.

இந்த ஸ்கேலுக்கு ப்ளூஸில் இருக்கும் முதன்மையான இடம் நான்காவது பார். ஏ7 மூன்று பார் சும்மா உட்கார்ந்திருக்கிறது. நான்காவதில் அது டி7-ஐ நோக்கிச் சாய வேண்டும். அந்தச் சாய்வுக்குத்தான் பி ஃப்ளாட்டும் டி ஷார்ப்பும் உதவுகின்றன. அமெரிக்க ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ராபன் ஃபோர்ட் இந்த இடத்தில் இந்த ஸ்கேலை எடுப்பதற்குப் பேர்போனவர். அவரைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் அவர் எப்போது உள்ளே போகிறார் என்று கவனிக்கிறார்கள். எப்போது வெளியே வருகிறார், எந்தச் சுரத்தில் வருகிறார் என்று கவனியுங்கள்.

இப்போது அந்த டி. ஏ ஹாஃப்-ஹோலில் டி இல்லை என்றேன் அல்லவா? அது குறை இல்லை, வரம். நான்காவது பார் முழுக்க டி-யைத் தொடாமல் வாசித்துவிட்டு, ஐந்தாவது பாரின் முதல் பீட்டில் டி-யை வைத்தால், அது அப்போதுதான் பிறந்த சுரம்போலக் கேட்கும். எஃப் ஷார்ப்பில் இறங்கினால் இன்னும் அழகு, ஏனென்றால் ஏ7-இன் ஜி ஒரே ஒரு ஃப்ரெட் கீழே விழுந்து டி7-இன் மூன்றாம் சுரமாகிறது.

ஒரு உதாரணம், கிட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். நான்காவது பாருக்கு எட்டு எட்டாம் சுரங்கள் (ஒரு பீட்டுக்கு இரண்டு), ஷஃபிள் நடையிலேயே. பி தந்தியில் 8, 7, 5, 4-ஆம் ஃப்ரெட்கள். ஜி தந்தியில் 6, 5, 3. டி தந்தியில் 5. அடுத்த பாரின் முதல் பீட்டில் அதே டி தந்தியில் 4. சுரங்களாகச் சொன்னால் ஜி, எஃப் ஷார்ப், ஈ, டி ஷார்ப், சி ஷார்ப், சி, பி ஃப்ளாட், ஜி. இறங்குமிடம் எஃப் ஷார்ப். பீட் விழும் இடங்களை மட்டும் பொறுக்கிப் பாருங்கள்: ஜி, ஈ, சி ஷார்ப், பி ஃப்ளாட். முதல் மூன்றும் ஏ7-இன் சொந்தச் சுரங்கள், நான்காவது டி7-இன் ஏ-யை நோக்கிச் சாயும் சுரம். எஃப் ஷார்ப், டி ஷார்ப், சி எல்லாம் பீட்டுக்கு நடுவே வந்துபோகின்றன. இதே வரிசையை அரை பீட் தள்ளித் தொடங்கிப் பாருங்கள். அதே சுரங்கள், அதே விரல்கள், ஆனால் கார்டு கரைந்துபோயிருக்கும். ஸ்கேல் சரி, வரிசை சரி, பீட் தப்பு என்றால் மொத்தமும் தப்பு. எனக்கு வரும் பதிவுகளில் பாதி இந்த அரை பீட்டில்தான் கவிழ்கின்றன, வாசித்தவர்களோ ஸ்கேலைச் சந்தேகித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆறாவது பாரில் டி7-இன் டி-யை ஒரு ஃப்ரெட் உயர்த்தி டி ஷார்ப் டிமினிஷ்ட் 7 போடுவது வழக்கம். அந்தக் கார்டுக்கு டி ஷார்ப்பிலிருந்து ஹோல்-ஹாஃப். எண்ணிப் பார்த்தால் அது டி-யிலிருந்து ஹாஃப்-ஹோல் போட்ட அதே எட்டுச் சுரங்கள்தான், புதிதாக எதையும் கற்க வேண்டாம். ஏழாவது பாரில் ஈ-யிலோ சி ஷார்ப்பிலோ இறங்குங்கள், இரண்டுமே அந்த ஸ்கேலில் இல்லாதவை. பன்னிரண்டாவது பாரின் ஈ7 மேல் ஈ-யிலிருந்து ஹாஃப்-ஹோல் போட்டு, திரும்பி வரும் முதல் பாரில் ஏ. ஒன்பதாவது பாரிலும் ஈ7 இருக்கிறதே என்று கேட்பீர்கள். அங்கே வேண்டாம். அந்த ஈ7 அடுத்து டி7-க்கு இறங்குகிறது, ஏ-க்குத் தீர்வு கேட்கவில்லை. ஏ7, டி7, ஈ7 மூன்றும் மூன்று வெவ்வேறு டிமினிஷ்ட் ஸ்கேல்கள் கேட்பவை. உலகத்தில் இருப்பதே மூன்று, மூன்றும் ஒரே ப்ளூஸில் வந்துவிடுகின்றன. ஏ-க்கு உரியதை டி7 மேலும் தொடர்ந்தால் ஏன் அபத்தமாக இருக்கிறது என்பதற்கு இதுவே பதில்: டி7 மேல் நீங்கள் வாசிப்பது முற்றிலும் வேறொரு ஸ்கேல்.

மைனர் ப்ளூஸில் இதை எடுக்காதீர்கள். ஏ மைனரில் ஈ7 மேல் ஈ ஹாஃப்-ஹோல் போட்டால் சி ஷார்ப் வந்து நிற்கும், பாட்டின் சி-யை அது குத்தும். அங்கே ஹார்மோனிக் மைனர் போதும், அதுவே மேல்.

கூட வாசிப்பவரோடு பேசிக்கொள்ளுங்கள். நான்காவது பாரில் கீபோர்டுக்காரர் ஏ9 பிடித்தால் அவருடைய பி-யும் உங்கள் பி ஃப்ளாட்டும் நேருக்கு நேர் மோதும். "அந்த ஒரு பாரில் வெறும் ஏ7 பிடிங்க" என்று முன்கூட்டியே கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கச்சேரி முடிந்த பிறகு "நீ தப்பு, நான் தப்பு" என்று இருவரும் முறைத்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். இருவர் மீதும் தப்பில்லை.

இன்னொன்று, இது மன்றாட்டு. இந்த ஸ்கேல் சி-யையும் சி ஷார்ப்பையும் தனித்தனி ஃப்ரெட்டில் கொடுத்துவிடுகிறது என்பதற்காக பெண்டை, அதாவது தந்தியை இழுத்துச் சுரத்தை உயர்த்துவதை, விட்டுவிடாதீர்கள். ப்ளூஸின் மூன்றாம் சுரம் அந்த இரண்டு ஃப்ரெட்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. சி-யை லேசாக இழுத்தால்தான் அது வரும். டிமினிஷ்ட் பழக ஆரம்பித்தவர்களின் இடதுகை ஒரு மாதத்தில் விறைத்துப்போவதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எல்லாச் சுரமும் ஃப்ரெட்டில் கிடைத்துவிட்டால் இழுக்க மனம் வராது போலும். ஒரு சுற்றில் ஒருமுறை, ஒரு பார், அதற்கு மேல் இந்த ஸ்கேல் வேண்டாம். மூன்று சுற்றில் ஒருமுறை என்றால் இன்னும் நல்லது.

அந்த மாணவருக்கு நான் எழுதிய பதில் இது. தம்பி, ஸ்கேலை இந்த வாரம் மூடி வையுங்கள். ஏ7 ஒரு பார், டி7 ஒரு பார், இரண்டை மட்டும் லூப்பில் போடுங்கள். ஏ7 ஓடும்போது எதுவும் வாசிக்காதீர்கள், வாயால் எஃப் ஷார்ப்பைத் தேடிப் பாடுங்கள். டி7-இன் முதல் பீட்டில் அந்த ஒரு சுரத்தை மட்டும் வையுங்கள். இருபது சுற்று. பிறகு அதற்கு முன்னால் ஜி-யைச் சேருங்கள், பிறகு ஜி-க்கு முன்னால் பி ஃப்ளாட்டை. இப்படி இறங்குமிடத்திலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு சுரமாகக் கட்டிக்கொண்டு போய், எட்டும் சேர்ந்ததும் பதிவுசெய்து அனுப்புங்கள்.