ஆர்கெஸ்ட்ரா கேட்கும் முன் ஒரு தடவை இசையை அணைத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள்

போன வாரம் ஒரு இளம் இயக்குநர் தன் முதல் படத்தை என்னிடம் மிக்ஸிங்குக்கு, அதாவது வசனம், இசை, மற்ற சத்தங்களைச் சேர்த்துக் கலக்கும் வேலைக்கு, கொண்டுவந்தார். காட்டில் தொலைந்துபோகும் ஒரு பையனின் சாகசக் கதை, உழைப்பு தெரிகிற படம். ஆனால் முதல் ஃபிரேமில் தொடங்கிய இசை, கடைசிப் பெயர் ஓடி முடியும்வரை நிற்கவே இல்லை. பையன் ஓடினாலும் ஆர்கெஸ்ட்ரா, உட்கார்ந்தாலும் ஆர்கெஸ்ட்ரா, ஒரு இலை அசைந்தால் பத்து டிரம். இந்த வருஷம் என் மேசைக்கு வந்த இப்படிப்பட்ட நான்காவது படம் இது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அதில் ஒரு குகைக் காட்சி. பையன் டார்ச்சோடு உள்ளே நுழைகிறான். வயலின் கூட்டம், ஹார்ன், கோரஸ், அடியில் இடி மாதிரி டிரம், எல்லாம் கம்ப்யூட்டரில் அடுக்கியது. நான் இசையின் அளவைக் கூட்டிக் குறைக்கும் மியூசிக் ஃபேடரை மட்டும் கீழே இறக்கிவிட்டு அதே காட்சியை மறுபடி ஓட்டினேன். ஈரப் பாறையில் செருப்பு வழுக்கும் சத்தம், உள்ளே எங்கோ சொட்டுகிற தண்ணீர், பையனின் மூச்சு. இயக்குநர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "சார், இந்தத் தண்ணிச் சத்தம் இப்போ போட்டதா?" என்று கேட்டார். மூன்று வாரமாக அங்கேதான் இருக்கிறது தம்பி. சவுண்ட் டிசைன் செய்த பெண் நான்கு ராத்திரி கண்விழித்து செய்த வேலை அது.

"பெருசா வேணும் சார், ஹாலிவுட் மாதிரி." இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. பெரிது என்றால் சத்தம், ஆர்கெஸ்ட்ரா என்றால் நூறு பேர் ஒரே நேரத்தில் முழங்குவது என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. ஹாலிவுட் மாதிரி என்கிறீர்கள், சரி, ஹாலிவுட்டையே எடுத்துக்கொள்வோம். 1975இல் வந்த சுறாப் படம் 'ஜாஸ்'. கோடைகால பிளாக்பஸ்டர் என்ற வழக்கமே அதிலிருந்துதான் என்பார்கள். ஸ்பீல்பெர்க் இயக்கம், ஜான் வில்லியம்ஸ் இசை. அதன் அடிநாதம் வெறும் இரண்டு ஸ்வரம். பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்கள், நம் கணக்கில் சட்ஜமும் சுத்த ரிஷபமும் போல அரை ஸ்வர இடைவெளி. வயலின் குடும்பத்தின் அடிக்குரல் வாத்தியங்களான செல்லோவும் டபுள் பேஸும் மெதுவாக, தயங்கித் தயங்கித் தொடங்குகின்றன. அப்போது சுறா தூரத்தில் இருக்கிறது. வேகம் கூடுகிறது, மற்ற வாத்தியங்கள் சேர்கின்றன, சத்தம் ஏறுகிறது. அப்படியென்றால் பக்கத்தில் வந்துவிட்டது.

படப்பிடிப்பில் அந்த இயந்திரச் சுறா கடல் தண்ணீரில் அடிக்கடி பழுதாகிப் படுத்துக்கொண்டது. அதனால் படத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சுறா சரியாகக் கண்ணில் படுவதே இல்லை. தண்ணீருக்கடியில் காமிரா நகர்கிறது, அவ்வளவுதான். இசையை எடுத்துவிட்டால் அது யாரோ கடலுக்குள் எடுத்த ஷாட். அந்த இரண்டு ஸ்வரம் வந்ததும் காமிராவே சுறாவாகிவிடுகிறது.

இனி வருவதைப் பொறுமையாகப் படியுங்கள், நான் சொல்ல வந்ததே இதுதான். படத்தின் நடுவில் கடற்கரையில் பெரிய கூட்டம். தண்ணீரில் சுறாவின் முதுகுத் துடுப்பு மாதிரி ஒன்று தெரிகிறது, ஜனங்கள் விழுந்தடித்துக் கரைக்கு ஓடுகிறார்கள். அங்கே சுறா இசை கிடையாது. ஏனென்றால் அது சுறா இல்லை, அட்டைத் துடுப்போடு இரண்டு பொடியன்கள் செய்த குறும்பு. நம்மவர்களிடம் அந்தக் காட்சியைக் கொடுத்தால் டிரம்மை உருட்டித் தள்ளியிருப்பார்கள், பார்ப்பவர் பயப்பட வேண்டுமே என்று. வில்லியம்ஸ் வாசிக்காமல் விட்டார். அடுத்த நிமிஷமே பக்கத்து உப்பங்கழியில் நிஜச் சுறா வருகிறது, இசையும் வருகிறது. ஆக, இசை பொய் சொல்லாது என்று நம் காது பழகிவிடுகிறது. நமக்குத் தெரியாமலே பழகுகிறது. பிற்பகுதியில் போலீஸ் தலைவர் படகில் நின்று மீன் துண்டுகளை அள்ளிக் கடலில் போடுகிறார், எந்த இசையும் இல்லை, திடீரென்று அவ்வளவு பெரிய தலை தண்ணீரிலிருந்து எழுகிறது. அந்த அதிர்ச்சி எங்கிருந்து வந்தது? அதுவரை காப்பாற்றிவந்த வாக்கை அந்த ஒரே இடத்தில் மீறியதிலிருந்து. முதல் காட்சியிலிருந்து முழங்கிக்கொண்டே இருக்கும் படத்தால் இதைச் செய்ய முடியாது. மீறுவதற்கு அதனிடம் வாக்கே இல்லை.

இன்னொன்று. அந்தப் படத்தின் இரண்டாம் பாதி மூன்று பேர் சுறாவை வேட்டையாடப் போகும் கடல் சாகசம். பீப்பாய்களைக் கட்டிச் சுறாவைத் துரத்தும்போது இசை உற்சாகமாகத் துள்ளுகிறது, பழைய கடற்கொள்ளையர் படம் பார்க்கிற மாதிரி. சுறாவுக்குப் பயந்து ஆள் உள்ளே நின்று கடலில் இறங்கும் கூண்டை, துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டும் காட்சியில் ஒரு ஃப்யூக். ஒரு வாத்தியக் குழு தொடங்கிய மெட்டை அடுத்த குழு பின்னால் வந்து பிடிக்கும், அதன் பின்னால் இன்னொன்று. ஒரு வசனமும் இல்லாமல் மூன்று பேரும் ஒரே வேலையில் மூழ்கிவிட்டார்கள் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. பயத்திலிருந்து வீரத்துக்கும் மறுபடி பயத்துக்கும் படம் திரும்புவது இசையின் தோளில் ஏறித்தான். எடிட்டிங், இசை, ஒலி இந்த மூன்றுக்கும் அந்தப் படம் ஆஸ்கர் வாங்கியது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அது இன்றைக்கும் பெருமை.

அப்புறம் இந்த டெம்ப் டிராக். எடிட்டிங்கின்போது வேறு படத்தின் இசையைத் தற்காலிகமாக ஒட்டிவைப்பது. மூன்று மாதம் அதையே கேட்டுக் கேட்டு, இசையமைப்பாளரிடம் "இதே மாதிரி, ஆனா இதுவா இல்லாம" என்று நிற்கிறீர்கள். ஸ்பீல்பெர்க்கும் டெம்ப் டிராக் போட்டவர்தான். வில்லியம்ஸ் அதற்கு முன் வேறொரு படத்துக்குச் செய்த இறுக்கமான, வினோதமான இசையை ஒட்டிக் காட்டினார். அது வேண்டாம், இது கடற்கொள்ளையர் கதை மாதிரியான படம் என்று வில்லியம்ஸ் மறுத்தார். இயக்குநர் விட்டுக்கொடுத்தார். அங்கே அவர் பிடிவாதம் பிடித்திருந்தால் அந்த இரண்டு ஸ்வரம் பிறந்திருக்காது.

ஆகவே, டெம்ப் டிராக்கை எடிட்டிங் அறையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். இசையமைப்பாளருக்கு இசை இல்லாத பிரதி ஒன்றை முதலில் காட்டுங்கள். ஸ்பாட்டிங்குக்கு, அதாவது எங்கெங்கே இசை வரும் என்று இசையமைப்பாளரோடு படம் பார்த்து முடிவுசெய்ய, உட்காரும்போது எங்கே இசை வேண்டும் என்று தொடங்காதீர்கள், எங்கே வேண்டாம் என்று தொடங்குங்கள். இசை எழுதிய பிறகு காட்சியில் கை வைக்காதீர்கள். இரண்டு விநாடி வெட்டினால் போதும், அந்தக் காட்சிக்கு எழுதிய இசைத் துண்டின் எழுச்சி தப்பான இடத்தில் போய் விழும், திட்டு எனக்கு விழும். நேரில் வாசிப்பவர்கள் வந்தால் காலையிலிருந்து மாலைவரை உச்சத்திலேயே வாசிக்கச் சொல்லாதீர்கள், டிரம்பெட்டும் ஹார்னும் வாசிப்பவர்களின் உதடு மனித உதடுதான். காசு இல்லையா? கம்ப்யூட்டரில் அடுக்கும் நூறு வயலின் சாம்பிளுக்குப் பதில் ஒரு நல்ல செல்லோ கலைஞரை அரை நாள் கூப்பிடுங்கள். தயவுசெய்து, இசையை ஏற்று என்று என்னிடம் சொல்லும் முன் வசனத்தையும் காலடிச் சத்தத்தையும் ஒரு முறை கேளுங்கள். அதற்காகப் பலர் தூங்காமல் இருந்திருக்கிறார்கள்.

அந்தத் தம்பி படத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். நேற்று போன் செய்தார், பதினேழு இடத்தில் இசையை எடுத்துவிட்டாராம். குகைக்குள் எதுவும் இல்லை. பையன் மறுபக்கம் வெளியே வந்து வெளிச்சத்தில் கண் கூசி நிற்கும்போதுதான் முதல் ஸ்வரம், ஒற்றைச் செல்லோவில். வியாழக்கிழமை ரெக்கார்டிங். நானும் போகிறேன்.