சிலுவை: சொல் விளக்கம்

சிலுவை தமிழ் வேரில் பிறந்த சொல் அன்று. சிரியாக்கு மொழியின் ‘ஸ்லீவா’ தமிழில் சிலுவை ஆயிற்று. கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்களின் பழைய வழிபாட்டு மொழி சிரியாக்கு. மலையாளத்தில் ஸ்லீவா இன்றும் வழங்குகிறது. அரபு ‘சலீப்’ இதே வேர்தான். இயேசு பேசிய அரமேயத்தின் கிளைமொழியே சிரியாக்கு என்பதால், இந்தச் சொல் அவருடைய மொழிக்குடும்பத்திலிருந்தே நம்மிடம் வந்திருக்கிறது. அதே பொருள் தரும் ‘குருசு’ போர்த்துகீசியரோடு வந்தது. குமரி மாவட்டத்துக் குருசடிகளில், அதாவது சிலுவை நட்ட சிறு வழிபாட்டிடங்களில், நிலைத்துவிட்டது.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் ‘ஸ்டௌரோஸ்’. நட்டு நிறுத்திய கம்பம் என்பது அதன் முதற்பொருள். உரோமையர் ஆட்சியில் அது கொலைக்கருவி. கி.மு. 71இல், அடிமைகளின் கிளர்ச்சித் தலைவன் ஸ்பார்த்தகஸோடு கிளர்ந்தவர்களில் 6,000 பேரைக் கப்புவா நகரிலிருந்து உரோமை வரை சாலையோரமாகச் சிலுவையில் அறைந்தார்கள். 1968இல் எருசலேமின் கல்லறை ஒன்றில் ஒரு குதிகால் எலும்பு கிடைத்தது. அதில் பாய்ந்த இரும்பு ஆணியின் முனை வளைந்திருந்ததால், உடலை இறக்கியவர்களால் அதைப் பிடுங்க முடியவில்லை. எலும்போடு சேர்த்தே புதைத்திருக்கிறார்கள்.

இதற்கு நேரான தமிழ்ச்சொல் எது? கொல்லும் முறை வேறு என்றாலும், ஊரறியக் கொன்று அவமானப்படுத்துவதில் கழுமரம்தான் மிக நெருங்கி வருகிறது. வழக்கில் ஊன்றிய சிலுவையை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் தன்னைப் பின்பற்றுகிறவன் ‘தன் சிலுவையை எடுத்துக்கொண்டு’ வர வேண்டும் என்று இயேசு சொல்லும் லூக்கா 9:23ஐ, தவக்காலத்தில் ஒருமுறையேனும் ‘தன் கழுமரத்தை எடுத்துக்கொண்டு’ என்று வாசித்துப் பாருங்கள். கழுத்தில் பொன்னாகத் தொங்கித் தொங்கி மழுங்கிப்போன சொல் அப்போது சுருக்கென்று தைக்கும். இயேசு சொல்லக் கேட்டவர்களுக்கு அன்று அப்படித்தான் தைத்திருக்கும். தண்டனை பெற்றவனே குறுக்குமரத்தைத் தோளில் சுமந்து கொலைக்களத்துக்கு நடப்பது அந்நாளைய வழக்கம்.

இன்றைய பேச்சில் சிலுவை என்றால் தலையெழுத்தாக வந்த துன்பம். குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடம் சிக்கிய பெண்ணுக்கு, “அது உன் சிலுவை, சுமந்துகொள் அம்மா” என்று ஆறுதல் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இது கொடிய பிழை. அந்த லூக்கா வசனத்தில் இயேசுவின் சொல் ‘ஒருவன் என் பின்னே வர விரும்பினால்’ என்று தொடங்குகிறது. விரும்பி எடுப்பதுதான் சிலுவை. பிறர் நம் முதுகில் ஏற்றும் கொடுமைக்கு அந்தப் பெயர் பொருந்தாது. உண்மையைச் சொன்னால் வேலை போகும் என்று தெரிந்தே சொல்கிறவரின் இழப்பு சிலுவை. ஒடுக்கப்பட்டவரோடு நின்றதற்காகச் சொந்த ஊரும் சாதியும் ஒதுக்கிவைத்தால் அதுவும் சிலுவை.

லூக்கா மட்டும் இதில் ‘அனுதினமும்’ என்ற சொல்லைச் சேர்க்கிறார்; மத்தேயுவிலும் மாற்கிலும் அது இல்லை. இயேசுவின் பாடுகளை நினைக்கும் வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதை வழிபாட்டின் 14 நிலைகளையும் முழங்காலிட்டு முடித்தவருக்குச் சனிக்கிழமைக் காலையும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும்.