தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி

பிறந்து 11 நாளான குழந்தை, பெங்களூர் அல்சூரில் வீடு. ஃபைலில் பெயர் கிடையாது, அம்மாவின் பெயருக்கு முன்னால் ‘பேபி ஆஃப்’ என்று இருக்கும். நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீட்டு எண் போடுகிற, அதாவது மெடிக்கல் கோடிங் செய்கிற எங்களுக்கு எல்லாப் பச்சைக் குழந்தைகளும் ‘பேபி ஆஃப்’தான்.

அந்த ஃபைல் என் மேஜைக்கு வந்ததே இன்ஷூரன்ஸ் கிளெய்ம் மறுக்கப்பட்ட பிறகு. முதல் நாள் சீட்டில் டியூட்டி டாக்டர் “தொப்புளில் வீக்கம், ஹெர்னியா?” என்று எழுதியிருந்தார். மறுநாள் குழந்தை மருத்துவர் பார்த்தபோது தொப்புளைச் சுற்றிச் சிவப்பு, நாற்றத்தோடு சீழ். ஓம்ஃபலைட்டிஸ், அதாவது தொப்புள் தொற்று. ஐந்து நாள் ஆன்டிபயாடிக் ஊசியில் குழந்தை தேறிவிட்டது. டிஸ்சார்ஜ் சம்மரி அடித்தவர் முதல் சீட்டைப் பார்த்து அடித்திருக்கிறார். அதிலும் கேள்விக்குறி விட்டுப்போயிற்று. ஹெர்னியாவுக்கு இரண்டு வருடக் காத்திருப்புக் காலம், அதுவரை பணம் கிடையாது என்று பாலிசியில் இருந்தது. முடிந்தது கதை.

ஐசிடி-10 என்கிற சர்வதேச நோய்க் குறியீட்டுப் பட்டியலில் பச்சைக் குழந்தையின் தொப்புள் தொற்றுக்கு பி38 (இங்கே வரும் ‘பி’ எல்லாம் ஆங்கில P). அமெரிக்கப் பதிப்பில் அதையே இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள்: லேசான ரத்தக் கசிவு இருந்தால் பி38.1, இல்லையென்றால் பி38.9. தொப்புள் ஹெர்னியா கே42. தொப்புள்கொடி விழுந்த இடத்தில் ஈரமாக, சிவப்பாக நிற்கும் சின்னச் சதைக்கு அமெரிக்கப் பதிப்பில் பி83.81. ரத்தப்போக்கே பிரச்சினை என்றால் பி51. குடல் தொப்புள் வழியாக வெளியே வந்தபடி பிறந்திருந்தால் கியூ79.2, அது பிறவிக் குறைபாடு என்பதால் பாலிசியின் வேறு விதிகள் வந்து நிற்கும். வீட்டில் எல்லோரும் சொல்வது ‘தொப்புள் புண்’ என்ற ஒரே சொல்தான்.

டாக்டர்களிடம் எனக்கு ஒரு பழைய சண்டை உண்டு. நம் ஊர் வழக்கத்தில் தொப்புளில் சீழ் என்றாலே ‘அம்பிலிகல் செப்சிஸ்’ என்று எழுதிவிடுகிறார்கள். செப்சிஸ் என்றால் கோடிங்கில் பி36, உடம்பு முழுவதையும் பாதிக்கிற தொற்று. உண்மையிலேயே அப்படிப் பரவியிருந்தால் எழுதத்தான் வேண்டும், அது உயிருக்கே ஆபத்து. பரவாதபோது எழுதினால் குழந்தையின் பதிவில் வராத நோய் ஒன்று நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். ‘தொப்புளில் கசிவு’ என்று மட்டும் எழுதுவதும் உதவாது, அது அறிகுறிதான். சிவப்பு எவ்வளவு தூரம் பரவியது, சீழா ரத்தமா, காய்ச்சல் உண்டா, கொடி விழுந்ததா என்று நாலு வரி போதும். எழுதாததை நாங்களாக ஊகித்துக் கோட் போடக் கூடாது. டாக்டரிடம் கேள்வி அனுப்பத்தான் முடியும்.

பெற்றோரும் பில்லைப் பார்க்கிற கண்ணால் டிஸ்சார்ஜ் சம்மரியின் ‘டயக்னோசிஸ்’ வரியையும் ஒருமுறை பாருங்கள். டாக்டர் வாயால் சொன்னது அங்கே இல்லையென்றால் வீட்டுக்குக் கிளம்பும் முன்பே கேளுங்கள். குழந்தையின் நோய் அம்மாவின் ஃபைலில் ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், இரட்டைக் குழந்தை என்றால் இன்னும் கவனம்.

அல்சூர் குழந்தைக்கு டாக்டர் தேதியிட்டு, கையெழுத்திட்டுத் திருத்தக் குறிப்பு எழுதிக் கொடுத்தார். மூன்று வாரத்தில் கிளெய்ம் பாஸானது. அந்தக் குறிப்புக்காக வந்தபோது குழந்தையின் பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். அட்மிஷன் அன்று விசாரித்ததெல்லாம் கன்னடத்திலும் இங்கிலீஷிலும்; பாட்டியிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. கொடி சீக்கிரம் காயட்டும் என்று வசம்பைச் சுட்டு எண்ணெயில் குழைத்துத் தடவினாராம். கொடியில் எதையும் தடவாமல் சுத்தமாக, உலர்வாக விட வேண்டும் என்று சொன்னேன். தலையாட்டினார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அதை மட்டும் எழுதிடாதம்மா, மருமக படிப்பா” என்றார்.

டாக்டரிடம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.