நகமுராவின் இடது காலும் குடுவைக்குள் இரண்டு மணிகளும்

ஆடுவதை நிறுத்திவிட்ட ஷுன்சுகே நகமுராவுக்கு இணையத்தில் மட்டும் எப்படிக் கூட்டம் குறையாமல் இருக்கிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஜப்பானின் யோகொஹாமாவில் பிறந்த நகமுரா, 2022-இல் தமது 44-ஆம் வயதில் கால்பந்தாட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். ஆனால் 2006 நவம்பர் 21 அன்று, ஸ்காட்லாந்தின் செல்டிக் அணிக்காக மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக அவர் அடித்த ஃப்ரீ கிக் இன்றும் திரும்பத் திரும்பப் பார்க்கப்படுகிறது. ஆட்டத்தின் 81-ஆவது நிமிடம். அவரது இடது காலிலிருந்து எழுந்த பந்து, தடுப்பாக நின்றவர்களின் தலைக்கு மேலே வளைந்து, கோல்காப்பாளர் வான் டெர் சாரின் நீட்டிய கைக்கு எட்டாமல் மேல்மூலையில் இறங்கியது.

திறமைதான் காரணம் என்று முடித்துவிடலாம். ஜாதக யோகம் என்று சொல்பவர்களும் உண்டு. முதல் விடை பாதி உண்மை. இரண்டாவது ஒரு விளக்கமே ஆகாது. மீதிப் பாதியைக் கணிதவியலர் போல்யாவின் குடுவை அழகாகக் காட்டுகிறது.

ஒரு குடுவையில் ஒரு சிவப்பு மணியும் ஒரு கறுப்பு மணியும் இருக்கட்டும். பார்க்காமல் ஒன்றை எடுத்து, அதே நிறத்தில் இன்னொன்றையும் சேர்த்து உள்ளே போட வேண்டும். முதலில் சிவப்பு வந்தால் அடுத்த முறை சிவப்பு வருவதற்கான வாய்ப்பு மூன்றில் இரண்டாகிவிடும். நூற்றுக்கணக்கான முறை எடுத்த பிறகு விகிதம் ஏறக்குறைய அசையாமல் நிலைத்துவிடும். ஆனால் எந்த விகிதத்தில் நிலைக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்லவே முடியாது, ஏனெனில் எல்லா விகிதங்களுக்கும் சம வாய்ப்பு உண்டு. மணிகளுக்குள் எந்த ஏற்றத்தாழ்வும் இல்லாதபோதே இப்படி நடக்கிறது என்பதுதான் என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

பலர் பார்த்த காணொளியையே மேலும் பலருக்குப் பரிந்துரைக்கும் நிரல், குடுவைக்குள் கையை விட்டு மணி எடுக்கும் அதே வேலையைத்தான் செய்கிறது. நகமுராவின் கோல் விழுந்தபோது யூடியூப் தொடங்கி இரண்டு ஆண்டுகள்கூட நிறைவடையவில்லை. மணிகள் குறைவாக இருந்த காலத்திலேயே குடுவைக்குள் விழுந்த ஒரு மணிக்குக் கிடைக்கும் சாதகம் மிகப் பெரியது.

இதைச் சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ் ஆகிய மூன்று ஆய்வாளர்களும் சோதித்து 2006-இல் வெளியிட்டார்கள். அறிமுகமில்லாத குழுக்களின் 48 பாடல்களை 14,000-க்கும் மேற்பட்டோரிடம் கொடுத்து, அவர்களில் ஒரு பகுதியினரை ஒன்றோடொன்று தொடர்பில்லாத எட்டு உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகின் பதிவிறக்க எண்ணிக்கையை மட்டும் காட்டினார்கள். எண்ணிக்கை தெரியாமல் கேட்டவர்களிடம் 26-ஆம் இடம் பெற்ற ஒரு பாடல், ஓர் உலகில் முதலிடத்தையும் மற்றோர் உலகில் 40-ஆம் இடத்தையும் பிடித்தது. மிகச் சிறந்த பாடல்கள் அடிமட்டத்துக்குப் போனது அரிது. நகமுராவின் இடது கால் அவரை அடிமட்டத்தில் விழாமல் காத்தது. அவர் எட்டிய உயரத்தில் குடுவைக்கும் பங்குண்டு.

அந்தப் பங்கு எவ்வளவு என்பதை அளக்கத் தேவையான விவரங்கள், அதாவது அந்தக் கோலை முதல் சில நாட்களில் எத்தனை பேர் பார்த்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பரிந்துரை வழியாக வந்தார்கள் என்பன, நிறுவனங்களின் கணினிகளில்தான் சேர்கின்றன. ஆய்வாளர்கள் பாடல்களைக் கொண்டு தனி உலகங்களையே கட்டவேண்டியிருந்த நிலை தொடரக்கூடாது. பொதுப்பணத்தில் இயங்கும் பல்கலைக்கழகங்களுக்கு, தனிநபர் அடையாளங்களை நீக்கிவிட்டு அந்தப் பதிவுகளைத் திறந்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.