பங்கனப்பள்ளி என்ற பெயர் யாருக்குச் சொந்தம்?

சித்திரை பிறந்துவிட்டால் தள்ளுவண்டியிலிருந்து பெரிய பழக்கடை வரை மஞ்சளாகக் குவிந்து கிடப்பது பங்கனப்பள்ளி மாம்பழம். பங்கனப்பள்ளி என்பது ஓர் ஊரின் பெயர் என்று பலரும் யோசிப்பதில்லை. ஆந்திராவில் நந்தியாலுக்குப் பக்கத்தில் இருக்கும் பனகானபள்ளிதான் அது. நவாபுகள் ஆண்ட சிறிய சமஸ்தானம், 1948-இல் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது.

ஆந்திர அரசின் தோட்டக்கலைத் துறை விண்ணப்பித்து, 2017-ஆம் ஆண்டு மே மாதம் இந்தப் பழத்துக்குப் புவிசார் குறியீடு (ஜிஐ) வாங்கியது. பனகானபள்ளி, பாணியம், நந்தியால் வட்டாரம் மூல இடம். அதோடு கடலோர ஆந்திரா, ராயலசீமா, தெலங்கானாவின் சில மாவட்டங்களும் எல்லைக்குள் வருகின்றன.

குறியீடு கேட்பவர்கள் பழத்தின் அடையாளத்தையும் எழுத்தில் கொடுக்க வேண்டும். பங்கனப்பள்ளிக்கு அது சிரமமே இல்லை. கொஞ்சம் சாய்ந்த முட்டை வடிவம், மெல்லிய வழவழப்பான தோல், பழுத்தால் ஒரே சீரான பொன்மஞ்சள், நார் இல்லாத கெட்டியான சதை, நீண்டு தட்டையான கொட்டை. நீலம் பழத்தை வெட்டும்போது கொட்டைக்குள் வண்டு இருக்குமோ என்று ஒரு பயம் வருமே, இதில் அந்தத் தொல்லை குறைவு. துண்டு போட்டால் குழையாது, பறித்த பிறகும் சில நாள் தாங்கும். வெளியூருக்கு லாரியில் போகிற பழமாக இது மாறியதற்குக் காரணம் ருசி மட்டுமல்ல, இந்தத் தாங்கும் குணமும்தான். மணத்தில் மல்கோவா ஒரு படி மேலே என்பது என் கட்சி.

சரி, குறியீடு எதைக் காக்கிறது? பெயரை. மரத்தை அல்ல. இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். கிருஷ்ணகிரிப் பக்கத்திலும் இதே ஒட்டுச்செடி பரவலாக உண்டு. அதை நடுவதற்கோ பழத்தை விற்பதற்கோ புவிசார் குறியீட்டுச் சட்டத்தில் தடையில்லை. ஆனால் வேறு மண்ணில் விளைந்ததை அந்த எல்லைக்குள் விளைந்தது என்று வாங்குபவர் நம்பும்படி பெட்டியில் அச்சடித்தால் அது மீறல். பொய்யான குறியீட்டைப் பயன்படுத்தினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது சட்டம். முறையாக வாங்கிய அசல் பழத்தைத் தரம் கெடாமல் மறுபடி விற்கும் தள்ளுவண்டிக்காரர் இதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

இதற்கான சட்டம் 1999-இல் நிறைவேறி, 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. பதிவகம் சென்னை கிண்டியில். தனி ஆள் தன் பெயருக்குக் குறியீடு வாங்க முடியாது. உற்பத்தியாளர் சங்கமோ அரசு அமைப்போதான் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் பதிவக இதழில் வெளியாகும், எதிர்ப்புச் சொல்ல 3 மாத அவகாசம். கிடைத்த பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். வணிக முத்திரைகளை விற்பதுபோல இதை விற்கவோ அடகு வைக்கவோ வாடகைக்கு விடவோ முடியாது.

விவசாயி கவனிக்க வேண்டியது அடுத்த படி. துறை பதிவு வாங்கியதாலேயே எல்லைக்குள் இருக்கும் ஒவ்வொரு தோப்புக்காரருக்கும் உரிமை தானாக வந்துவிடாது. தன் பெட்டியில் குறியீட்டைப் போட வேண்டுமானால் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ என்று தனியாகப் பதிய வேண்டும். ஜிஐ-3 படிவத்தில் விண்ணப்பித்து, எந்த நிலத்தில் என்ன விளைகிறது என்பதைச் சொல்ல வேண்டும். பதிவு வைத்திருக்கும் அமைப்பின் சம்மதக் கடிதம் இருந்தால் வேலை சுலபம், இல்லையென்றால் விண்ணப்பத்தின் நகலை அவர்களுக்கு அனுப்ப வேண்டும். பழத்தைப் பெட்டி கட்டுபவரும் கூழ் எடுப்பவரும் வியாபாரியும்கூட இந்தச் சட்டப்படி உற்பத்தியாளர் கணக்கில் வருவதால் அவர்களும் கேட்கலாம். முன்பு 500 ரூபாயாக இருந்த விண்ணப்பக் கட்டணம் 2020-இல் 10 ரூபாயாகக் குறைந்தது. பயனாளர் இறந்துவிட்டால் உரிமை வாரிசுக்குப் போகும்.

விலை? குறியீடு இருப்பதால் அரசு கூடுதல் விலை எதுவும் கொடுப்பதில்லை. மண்டியில் வழக்கமான பேரம்தான். ஒட்டியிருக்கும் முத்திரையைப் பார்த்துக் கேட்டு வாங்கும் ஆள் வந்தால்தான் அந்த 10 ரூபாய்ப் படிவத்துக்குப் பலன்.