பைக் நல்லா ஓட்டுறவங்களுக்கு ஆட்டோ ஏன் ஓரமா இழுக்குது?

"பல வருஷமா பைக் ஓட்டுறேன், ஆனா மாமாவோட ஆட்டோவை எடுத்தா நேராவே போக மாட்டேங்குது, இடது ஓரத்துக்கே இழுக்குது, வண்டில கோளாறா?"ன்னு ஒரு வாசகர் கேட்டிருந்தார். வண்டி நல்லாத்தான் இருக்கும், பைக் ஓட்டிப் பழகின உங்க கைதான் காரணம்.

இடது கையில கிளட்ச்சைப் பிடிச்சு முறுக்கி கியர் போடுறது, கால்ல பிரேக், இதெல்லாம் சீக்கிரம் வந்துடும். ஹேண்டில்தான் படுத்தும்.

காலியான நேர் ரோட்டுல பைக்ல 30, 40ல போகும்போது இடது கைப்பிடியை மட்டும் உள்ளங்கையால மெல்ல முன்னாடி தள்ளிப் பாருங்க. அப்படித் தள்ளினா முன் சக்கரம் வலது பக்கம் திரும்பணும், திரும்பவும் செய்யுது, ஆனா பைக் போறது இடது பக்கம்! ஏன்னா அடியில ரெண்டு சக்கரமும் கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்துடுது, மேல இருக்குற உங்க எடை இடப்பக்கம் சாயுது, சாய்ஞ்ச உடனே ஹேண்டில் இடது பக்கம் திரும்பிக்குது, அந்த சாய்வோடயே வண்டி வளைஞ்சு போகுது. எல்லாம் ஒரு நொடிக்குள்ள முடிஞ்சுடும், நமக்கே தெரியாது. ஏரோப்ளேன் செஞ்ச ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை வச்சிருந்தவங்க, அதுல வில்பர் ரைட் நிறைய பேர்கிட்ட "இடது பக்கம் எப்படி திரும்புவீங்க"ன்னு கேட்டுப் பார்த்தாராம், ஒருத்தர் கூட முதல் தடவையே முழுசா சரியா சொல்லலையாம். எவ்வளவு அழகான விஷயம் பாருங்க, உடம்புக்குத் தெரியுது, வாய்க்குத் தெரியலை.

இப்ப ஆட்டோவுல உக்காருங்க. மூணு சக்கரம், சாயாது. இடது கைப்பிடியைத் தள்ளினா நேரா வலது பக்கம்தான் போகும், பைக்குக்கு அப்படியே தலைகீழ். அதோட மழைத்தண்ணி வடியட்டும்னு நம்ம ரோட்டை நடுவுல மேடா, ஓரத்துல தாழ்வா போட்டிருப்பாங்க, இடது ஓரமா போற ஆட்டோ லேசா இடது பக்கம் சாய்ஞ்சுதான் இருக்கும். பைக்ல இடது பக்கம் விழப் போனா ஹேண்டிலை இடது பக்கமே திருப்பி சக்கரத்தை எடைக்கு அடியில கொண்டு வருவோம். அதே பழக்கத்துல கை இங்கயும் இடது பக்கம் திருப்புது, ஆட்டோ எங்கயும் விழப்போறதில்ல, ஆனா ஓரத்துக்குப் போயிடுது. பைக்கே தெரியாத சின்னப் பிள்ளை மூணு சக்கர சைக்கிளை யாரும் சொல்லித்தராமலே ஓட்டுறதுக்கு இதுவும் ஒரு காரணம், மறக்க வேண்டியது அதுக்கு எதுவும் இல்லை.

1899லயே விப்பிள்ங்கிற கேம்பிரிட்ஜ் மாணவர் சைக்கிள் எப்படி விழாம ஓடுதுங்கிறதுக்கான கணக்குச் சமன்பாட்டை எழுதிட்டார், இருந்தும் ஆள் இல்லாத சைக்கிள் எப்படி விழாம ஓடுதுங்கிற ஆராய்ச்சி 2011ல கூட சயின்ஸ் இதழ்ல வந்துச்சு. சைக்கிளுக்கு எதுக்கு ஆராய்ச்சின்னு கேக்குறவங்க மேல எனக்கு கோவமே வரும். ரோடு விபத்துல சாகுறவங்கள்ல டூவீலர்காரங்கதான் அதிகமா இருக்குற நாடு இது, நம்ம இன்ஜினியரிங் காலேஜ்களுக்குத்தான் முதல்ல இதுக்குப் பணம் கொடுக்கணும். லைசென்ஸுக்கு எட்டு போடச் சொல்றாங்க, மெதுவா போற எட்டுல, போக வேண்டிய பக்கத்துக் கைப்பிடியையே முன்னாடி தள்ளுற இந்த எதிர்த் தள்ளல் யாருக்கும் புரியாது, வேகமா வர்ற பைக்குக்கு முன்னாடி நாய் குறுக்க வந்தா உயிரைக் காப்பாத்துறது அதுதான்.

ஆட்டோவை முதல்ல மட்டமான மைதானத்துல மெதுவா ஓட்டுங்க. சாயுற மாதிரி இருந்தா கையை அசைக்காதீங்க, தூரத்துல பாருங்க, போக வேண்டிய பக்கம் ஹேண்டிலைத் திருப்புங்க. வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சுடுங்க, முன்னாடி ஒத்தைச் சக்கரம்ங்கிறதால வளையும்போது பிரேக் அடிச்சா கவிழுறது ரொம்ப சுலபம்.