குளவி கொட்டினால் புழு என்ன ஆகும்?

தோட்டத்துக் குழாயடியில் தண்ணீர் சொட்டிச் சொட்டி எப்போதும் ஈரமாகக் கிடக்கும் இடத்தைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். கறுப்பு உடம்பும் மஞ்சள் கால்களும், நூலால் இழுத்துக் கட்டியது போன்ற இடுப்புமாக ஒரு மண்குளவி வந்து இறங்கும். போன வாரம் அப்படி வந்த ஒன்றை ஒரு முழ தூரத்தில் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தேன். தலையைச் சேற்றில் ஊன்றி, வயிற்றை மேலே தூக்கிக்கொண்டு 'ங்ர்ர்ர்' என்று ரீங்காரமிட்டது. சத்தம் நின்றபோது அதன் வாயில் பட்டாணியைவிடச் சின்னதாக, பளபளவென்று ஒரு சேற்று உருண்டை இருந்தது. அதைத் தாடையில் கவ்விக்கொண்டு நேராகச் சுவர்ப் பக்கம் பறந்துவிட்டது.

அந்த ரீங்காரம் வெறும் சத்தமில்லை. பறப்பதற்கான தசைகளைக் குளவி இறக்கை விரிக்காமலே அதிர வைக்கிறது. அதிர்வு தாடை வழியாகச் சேற்றுக்குள் இறங்குகிறது. கட்டட வேலையில் கான்கிரீட்டுக்குள் வைப்ரேட்டரை விட்டதும் கலவை இளகி மூலைமுடுக்கெல்லாம் இறங்குகிறதே, அதே வேலைதான். அதிரும் சேறு இளகிக் கொடுக்கும். சுவரில் கூடு கட்டும்போதும் இதே ரீங்காரத்தைக் கேட்கலாம். புது உருண்டை பழைய மண்ணோடு இழைந்து ஒட்ட வேண்டுமல்லவா?

சரி, அந்தக் கூட்டுக்குள் என்ன நடக்கிறது? 'கொட்டக் கொட்டக் குளவியாகும்' என்று சொல்வோம். குளவி ஒரு புழுவைக் கொண்டுவந்து மண்ணறைக்குள் அடைக்கிறது, விடாமல் கொட்டுகிறது, கடைசியில் புழு குளவியாகவே மாறிப் பறந்துபோகிறது என்பது கதை. இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. சொன்னவர்கள் பொறுமையாகக் கவனித்திருக்கிறார்கள். புழு உள்ளே போனது உண்மை, வாசல் அடைபட்டது உண்மை, குளவி வெளியே வந்ததும் உண்மை. நடுவில் இருந்த ஒன்றுதான் கண்ணில் படவில்லை.

சீனாவிலும் இதே கதை இருந்தது. குளவி 'என்னைப் போல் ஆகு, என்னைப் போல் ஆகு' என்று ஓதுவதால்தான் புழு மாறுகிறது என்று அங்கே நம்பினார்கள். ரீங்காரத்துக்கு அவர்கள் கண்ட பொருள் அது. சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் தாவ் ஹோங்ஜிங் என்ற மருத்துவ அறிஞர் கூடுகளைப் பிரித்தே பார்த்துவிட்டார். உள்ளே குளவி இட்ட முட்டை இருந்தது. புழு, அந்த முட்டையிலிருந்து வரப்போகும் குஞ்சுக்கான சாப்பாடு.

எல்லாக் குளவிகளும் ஒரே இரையைப் பிடிப்பதில்லை. குழாயடிக்கு வந்த வகை சிலந்தியைத்தான் வேட்டையாடும். விரல் நுனி அளவு மண் குழல் ஒன்றைக் கட்டி, அதில் பத்துப் பதினைந்து சிலந்திகளைத் திணிக்கும். முதலில் கொண்டுவந்த சிலந்திகளில் ஒன்றின் மெத்தென்ற வயிற்றில் ஒரே ஒரு முட்டை. அப்புறம் வாசலை மண்ணால் பூசிவிட்டு, பக்கத்திலேயே அடுத்த குழல். பானை செய்யும் குளவி வேறு. விளிம்பு மடித்த கழுத்தோடு குட்டிக் குட்டிச் சொப்புகளாகக் கட்டி, அவற்றில் பச்சைப் புழுக்களை நிரப்பும். அது முட்டையை முதலிலேயே இட்டு, மெல்லிய இழை ஒன்றில் உள்ளே தொங்கவிடும். பிறகுதான் வேட்டைக்கே போகும்.

இங்கே ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. முட்டை பொரிக்க இரண்டு மூன்று நாள், பொரித்த குஞ்சு தின்று வளர ஒன்றிரண்டு வாரம் ஆகும். கொன்று போட்ட சிலந்தி வெயில் காலத்தில் அத்தனை நாள் தாங்குமா? அழுகிவிடும், இல்லையென்றால் காய்ந்து சருகாகிவிடும். உயிரோடு அப்படியே அடைத்தால் தப்பி ஓடும், முட்டையை நசுக்கிவிடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்ஸில் லியோன் டுஃபூர் என்ற மருத்துவர் ஒரு வகைக் குளவியின் வளைகளைத் தோண்டியபோது, உள்ளே இருந்த வண்டுகள் நாள்கணக்கில் கெடாமல் இருந்ததைக் கண்டு வியந்தார். அவை செத்தவை, குளவி ஏதோ ஒரு திரவத்தைச் செலுத்திப் பதப்படுத்தி வைத்திருக்கிறது என்று முடிவுகட்டினார். இதைப் படித்த பள்ளி ஆசிரியர் ழான் ஆன்றி ஃபாப்ருக்கு நம்பிக்கை வரவில்லை. அவரும் தோண்டினார். அசையாமல் கிடந்த வண்டுகளுக்கு மின்சாரம் கொடுத்தார். கால்கள் துடித்தன. அவை சாகவில்லை, முடங்கிக் கிடந்தன. 1855-இல் இதை எழுதி வெளியிட்டார். இறைச்சி கெடாமலிருக்க ஒரே வழி அதை உயிரோடு வைத்திருப்பது. குளவி கண்டுபிடித்த குளிர்பெட்டி அதுதான்.

முடக்குவதற்கு எங்கே கொட்ட வேண்டும்? நமக்கு முதுகுப் பக்கம் தண்டுவடம் ஓடுவது போல, பூச்சிகளுக்கு வயிற்றுப் பக்கமாக ஒரு நரம்பு வடம் ஓடுகிறது. அதில் அங்கங்கே நரம்பு முடிச்சுகள். ஒவ்வொரு முடிச்சும் தன் பகுதியில் உள்ள கால்களையும் தசைகளையும் இயக்குகிறது. சிலந்திக்கு இந்த முடிச்சுகள் எல்லாம் தலையும் மார்பும் சேர்ந்த முன்பகுதியில் ஒரே திரளாகக் குவிந்திருக்கின்றன. சரியான இடத்தில் கொட்டினால் எட்டுக் காலும் ஓய்ந்துவிடும். பச்சைப் புழுவுக்கோ கண்டத்துக்கு, அதாவது உடம்பின் ஒவ்வொரு வளையத்துக்கும், ஒரு முடிச்சு. அதனால் புழுவை வேட்டையாடும் சில குளவிகள் அதைப் புரட்டிப் போட்டு, ஒவ்வொரு கண்டமாக ஊசியை இறக்கிக்கொண்டே போகும். 'கொட்டக் கொட்ட' என்று நம்மவர்கள் சொன்னது இதைப் பார்த்துத்தானோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

விஷம் செய்வது நுட்பமான வேலை. பூச்சிகளில் நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டுபோகும் முக்கியமான வேதிப்பொருள் குளுட்டமேட். தேனீக்களை வேட்டையாடும் ஒரு குளவியின் விஷத்தில் உள்ள ஃபிலாந்தோடாக்சின், தசையில் குளுட்டமேட் வேலை செய்யும் வழியை அடைத்துவிடுகிறது. நரம்பு ஆணையிட்டாலும் தசைக்கு அது எட்டாது. ஆனால் இதயக் குழாய் மெதுவாகத் துடித்துக்கொண்டிருக்கும்.

கரப்பான்பூச்சியைப் பிடிக்கும் மரகதக் குளவி இதையும் தாண்டிவிட்டது. முதல் கொட்டு மார்பில். முன்னங்கால்கள் சில நிமிடங்களுக்குச் செயலிழக்கும். அந்த இடைவெளியில் கழுத்து வழியே ஊசியைச் செலுத்தி, நேராக மூளையிலேயே இரண்டாவது கொட்டு. அதன் பிறகு கரப்பானுக்கு நடக்கத் தெம்பு இருக்கும், தானாக நடக்கத் தொடங்கும் உந்துதல் மட்டும் போய்விடும். குளவி அதன் உணர்கொம்புகள் இரண்டையும் பாதியில் நறுக்கி, மிச்சத் துண்டில் ஒன்றைக் கவ்விக்கொண்டு, மூக்கணாங்கயிறு பிடித்து மாட்டை ஓட்டுவது போல வளைக்கு நடத்திக்கொண்டு போகும். தன்னைவிடப் பெரிய பூச்சியைச் சுமக்க முடியாதே, அதனால் அதையே நடக்க வைத்துவிடுகிறது!

சரக்கறைக்குப் பூஞ்சையும் எதிரிதான். தேனீயை வேட்டையாடும் குளவியின் முட்டை, தன்னைச் சுற்றி நைட்ரிக் ஆக்சைடு வாயுவை வெளியிட்டுப் பூஞ்சையைக் கொல்கிறது என்று 2019-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். கண் திறக்காத ஒரு முட்டை, அறைக்குப் புகை போடுகிறது. நினைத்து நினைத்து வியக்கிறேன்.

கூடு சுவரில் இருக்கட்டுமா, தட்டிவிடலாமா? இருக்கட்டும் என்றுதான் சொல்வேன். இவை தனியாக வாழும் குளவிகள். காகிதம் போன்ற கூட்டில் கூட்டமாக வாழ்பவை, அருகே போனாலே துரத்திக் கொட்டும். இவற்றுக்கு அப்படிக் காக்க ஒரு கூட்டம் கிடையாது. பெண் மட்டும்தான் கொட்டும். கொடுக்கு என்பதே முட்டையிடும் உறுப்பு உருமாறி வந்தது. கையால் பிடித்தாலோ நசுக்கினாலோ கொட்டும், மற்றபடி நம்மைச் சட்டை செய்யாது. பூட்டுத் துவாரம், ஆணி ஓட்டை போன்றவற்றில் மண் வைத்தால் மட்டும் தொந்தரவு. விமானத்தின் வேகத்தை அளக்கும் குழாய்க்குள்ளேயே கூடு கட்டும் வகை உண்டு. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் விமான நிலையத்தில் இது பெரிய தலைவலி.

ஒரு கூடு கீழே விழுந்து கிடந்தபோது உடைந்த அறை ஒன்றைப் பார்த்தேன். உள்ளே மடக்கிய கால்களோடு சிலந்திகள், சாம்பல், பச்சை, கோடு போட்டது என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. ஒரு புல் நுனியால் மெல்லத் தொட்டேன். பெரும்பாலானவை அசையவில்லை. ஒன்று மட்டும் ஒரு காலை, மிக மெதுவாக, ஒரு நெல் அகலத்துக்கு நீட்டி மடக்கியது. அதன் வயிற்றில் வெள்ளையாக, சற்றே வளைந்த முட்டை ஒட்டிக்கொண்டிருந்தது.

குஞ்சு எல்லாவற்றையும் தின்று முடித்ததும் பட்டு இழையால் பழுப்பு உறை ஒன்று நெய்து, அதற்குள் கூட்டுப்புழுவாகிறது. பிறகு முழுக் குளவியாகி மண்ணைக் கடித்துத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. அம்மாவை அது பார்த்ததே இல்லை. எந்தப் பதத்தில் சேறு எடுக்க வேண்டும், சிலந்தியை எங்கே கொட்ட வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை.

சுவரில் இருக்கும் கூட்டில் இப்போது ஐந்து அறைகள். நான்கு மூடியிருக்கின்றன. ஐந்தாவதில் பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு வட்ட ஓட்டை. இன்று காலை பார்த்தால், அதற்குப் பக்கத்தில் இன்னும் காயாத கருஞ்சேற்றுக் கோடு ஒன்று புதிதாக இருந்தது.